சிவப்புப் பக்கம்

இட்டமொழி இன்னும் தாண்டவில்லை.
வாழைத்தார் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால்
ஊர்ந்த பத்து நிமிஷத்தில்
முள் எழுந்து மேல்கோட்டைத் தொட்டுவிட்டது.

பின்சீட்டில் மூன்றடுக்குக் கேக்.
திசையன்விளையில் ஆறு மணிக்கு ரிசப்ஷன்.
வெண்ணெய்க் கிரீமில் நாற்பத்தெட்டு ரோஜா.
"சித்திரையில நிக்காது" என்று சொல்லியும்
பெண்ணின் அத்தை கேட்கவில்லை.
ஏசியை நம்பி ஒத்துக்கொண்டேன்.
இந்தப் பழைய காரை வாங்கியதே ஏசிக்காகத்தான்,
எனக்காக இல்லை, கிரீமுக்காக.

போனில் மேலப்பாளையம் பீர்மைதீன்:
"ஏசியை அமத்துங்க மொதல்ல.
ரேடியேட்டர் மூடியைத் தொட்டுராதீங்க, மூஞ்சி வெந்துரும்.
கண்ணாடி நாலையும் எறக்குங்க.
நடுவுல ஒரு திருகு இருக்குல்லா,
அதைச் செவப்பு ஓரத்துக்குத் திருப்புங்க.
காத்தை நாலுல வைங்க."
"ஹீட்டரா?"
"ஹீட்டர்தான். எஞ்சின் சூட்டை
நீங்க கொஞ்சம் வாங்கிக்கிடணும்.
வேற யாரு வாங்குவா?"

ஆறு வருஷமாக நான் தொடாத பக்கம்.
எங்கள் ஊர்க் காரில் ஹீட்டர் என்பது
கல்யாணத்துக்கு வந்த ஐந்தாவது சுவர்க்கடிகாரம்.

திருகினேன்.
டேஷ்போர்டுக்குள் ஏதோ ஒரு சின்னக் கதவு
முனகித் திறந்தது.
முதலில் வந்தது காற்றில்லை.
காய்ந்த வேப்பம்பூ,
எலி ஒன்று பிய்த்துச் சேர்த்த பஞ்சு மெத்தை,
அப்புறம் இரும்பு வாசனை,
அப்புறம் அடுப்பு.

நூற்றெண்பது டிகிரிக்கு முன்னால்
நின்று பிழைக்கிறவள்தான் நான்.
அடுப்புக்குள் உட்கார்ந்து கியர் போட்டது
அன்றைக்குத்தான்.
முழங்காலில் வெந்நீர் ஊற்றுகிற மாதிரிக் காற்று.
ஜன்னல் வழியே தேரிக்காற்று, செம்மண் தூளோடு;
இரண்டில் அதுதான் குளுமை.

நிறுத்தி ஆறவிட்டிருக்கலாமே என்பீர்கள்.
மணி ஐந்து இருபது.

முள் யோசித்தது.
பனைகளை எண்ணிக்கொண்டே போனேன்.
பதினேழாவது பனையில்
ஒரு நெல்மணி அகலம் இறங்கியது.
டிராக்டர் இடதுபுறம் ஒரு விளைக்குள் திரும்ப,
இன்னும் இரண்டு நெல்மணி.

பின்பார்க்கும் கண்ணாடியில்
ரோஜாக்கள் ஒவ்வொன்றாகத் தலைசாய்த்தன.
எஞ்சின் ஆற ஆற
மேலடுக்கு மெல்ல
ஒரு பக்கமாய் ஒதுங்கி உட்கார்ந்தது,
பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் கொடுப்பதுபோல.

மண்டபத்துச் சமையல்கட்டில்
கத்தியைச் சுடுதண்ணீரில் நனைத்து நனைத்து
வழித்தேன், மண்படிந்த மேல்தோல் மொத்தமும்.
அடியில் மெலிசாக ஒரு வெள்ளை,
அங்கங்கே லேசான சிவப்பு.
"இது என்ன கலர்?" என்றாள் மணப்பெண்.
"தேரி" என்றேன்.
சரி என்று தலையாட்டி வெட்டினாள்.
யார் பல்லிலாவது நறநறக்குமோ என்று
பந்தி முடியும்வரை வாய்களையே பார்த்து நின்றேன்.
அத்தை மட்டும் ரோஜாவைத் தேடிக்கொண்டிருந்தார்.
இரண்டாயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டார்.

மறுநாள் பீர்மைதீன்
ரேடியேட்டர் ஃபேனின் பியூஸை உள்ளங்கையில் காட்டினார்.
புளியங்கொட்டை அளவுகூட இல்லை.
உள்ளே கம்பி அறுந்திருந்தது.
"இருவது ரூவா."
"அந்த எலி?" என்றேன்.
"அது நேத்தே வீடு மாறியிருக்கும்."