இரண்டு பர்வானா

ஆற்காட்டுக்கு அந்த வருஷம் இரண்டு நவாபு.
ஒருவருக்குப் புதுச்சேரியில் பீரங்கி,
மற்றவருக்குத் தேவனாம்பட்டினக் கோட்டையில்.
நடுவில் பெண்ணையாறு.
ஆற்றை ஒட்டி நாங்கள்:
பதினேழு கிராமம், நாற்பது குதிரை,
அதில் ஆறு நொண்டி.

வரவு செலவு பார்க்கிறவரைப் போல
மாமனார் ஒரு ராத்திரியில்
பிள்ளைகளைப் பிரித்தார்.
மூத்தவன் புதுச்சேரிக்கு. இளையவன் கோட்டைக்கு.
"எந்தக் கொடி ஏறினாலும் பாளையம் நம்முடையது."
வெற்றிலை மடித்துக்கொண்டேதான் சொன்னார்.
சுண்ணாம்பு கூடிப்போய் நாக்கு வெந்தது,
அவ்வளவுதான் அன்றைக்கு அவர் பட்டது.

என் புருஷன் தீத்தாரப்பர். தம்பி இளையபெருமாள்.
கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தார்கள்:
தலைப்பாகையில் மாவிலை செருகியவனை
எதிரில் கண்டால் சுடுவதில்லை.

பெண்களுக்கு வேறு உத்தரவு.
ஒற்றர்கள் நம்ப வேண்டுமாம்,
வீடு உடைந்தது என்று.
அன்று முதல் இரண்டு அடுப்பு.
கிணற்றடியில் ஊர் கேட்க
ஓரகத்தி அஞ்சலாட்சியும் நானும் ஏசிக்கொள்வோம்.
அவள் நன்றாக ஏசுவாள்.
எனக்குப் பாதியில் சிரிப்பு வந்துவிடும்,
முந்தானையைக் கடித்துக்கொள்வேன்.
மூன்றாம் மாதம்
சிரிப்பு வரவில்லை.

மாவிலைக்கு வேளையே வரவில்லை.
வில்லியனூர்த் தண்டில் பேதி கண்டு
நாலே நாளில் அவர் போனார்.
திரும்பி வந்தது தலைப்பாகை,
அதற்குள் சுருட்டி ஒரு பர்வானா:
பதினேழு கிராமமும் என் மகனுக்காம்,
பாவாடைக்கு, நாலு வயதுக்கு.

பிறகு மற்ற நவாபு ஜெயித்தார்,
அல்லது அவருடைய கும்பினி.
கொழுந்தனார் கையில் இன்னொரு பர்வானா.
அதே பதினேழு கிராமம்.
இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
பாரசீகம் எனக்குத் தெரியாது.
கடைசி வரியில் ஒரு சுழிப்பு,
இரண்டிலும் ஒரே கை.

மாமனார் கணக்குத் தப்பவில்லை.
பாளையம் நம்முடையதுதான்.
"நம்" என்பதற்குள் எத்தனை பேர்,
அதை மட்டும் அவர் எண்ணவில்லை.

கொழுந்தனார் கெட்டவர் இல்லை.
கரும்பு கொண்டுவருகிறார்,
பிள்ளையை மடியில் வைத்து
கணு சீவித் தருகிறார்.
"கனத்துவிட்டான்" என்றார் நேற்று.
அந்த ஒரு சொல்லை
ராத்திரி முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
அரிசியில் கல் பார்ப்பது போல.

விடிந்து கிணற்றடிக்குப் போனால்
அஞ்சலாட்சி, எட்டு மாதத்து வயிற்றோடு,
ஊரே திரும்பிப் பார்க்கக் கத்துகிறாள்:
"தாலியறுத்தவளே, போய்த் தொலையேன்டி!
வெள்ளிக்கிழமை உப்புத் தோணி போகுதே,
உன் குட்டியையும் தூக்கிக்கிட்டு
அதுல ஏறித் தொலை!
சனிக்கிழமை உன் மூஞ்சியில முழிச்சா
நான் மனுஷி இல்ல!"

கேட்டவர்களுக்கு அது ஏச்சு.
கயிற்றைப் பிடித்திருந்த அவள் கை
நடுங்கியதை நான் பார்த்தேன்.
எனக்கும் ஏசத் தெரியும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
"உன் வயிறு வெடிக்க" என்றேன்.
சுகமாகப் பெற்றெடு என்று
வேறு எப்படிச் சொல்ல?

முகத்துவாரத்தில் இருட்டுப் பிரியவில்லை.
உப்பு மூட்டைகளுக்கு நடுவில் நாங்கள்.
தோணிக்காரன் சும்மாதான் கேட்டான்,
"யாரு வூட்டுப் புள்ளடா நீ?"
பாவாடை பாய்மரத்தை அண்ணாந்து பார்த்தான்.
கொடி இருக்கிறதா என்று பார்த்தான்.
"கேக்கறது எந்த நவாபு?"

தோணிக்காரன் சிரிக்கவில்லை.
துடுப்பைக் கை மாற்றிக்கொண்டான்.

அடியில் கசிந்த தண்ணீரில்
மூட்டையோடு பர்வானாவும் நனைந்திருந்தது.
கரையேறி இறக்கும்போது பார்க்கிறேன்,
பிள்ளையின் உள்ளங்காலில் மசி,
அரை வட்டமாய், முத்திரை போல.
கடல் தண்ணீரில் கழுவினேன்.
போகவில்லை.
மணலை அள்ளித் தேய்த்தேன்.
வலிக்கிறது என்றான்.
இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.