மைனஸ் இருபத்திரண்டில் ழகரம்

ஆங் மோ கியோ நூலகத்தில் எடுத்த
பழம்பாட்டுத் தொகுப்பு.
வெயில்காலப் பக்கங்கள்
இஸ்திரி கலையாத சட்டைபோல் விறைப்பாக இருக்கின்றன.
இங்கே வெயிலுக்கு எதற்குப் புத்தகம்?

கூதிர், முன்பனி, பின்பனி:
அந்த முப்பது பக்கம் மட்டும்
ஓரம் கறுத்து, முனை மடிந்து,
ஓரிடத்தில் கோப்பி வட்டம்,
ஓரிடத்தில் நாலு இலக்க லாட்டரிச் சீட்டு.
விழாத எண்ணை அடையாளம் வைத்துவிட்டு
எவரோ வாடைக்காற்றில் நின்றுபோயிருக்கிறார்.

ஆண்டெல்லாம் மின்விசிறி சுழலும் ஊரில்
இத்தனை பேருக்கு எதற்குக் குளிர்?

எனக்கு வேலையே குளிர்தான்.
ஜூரோங், மீன்பிடித் துறைமுகச் சாலை,
மூன்றாம் எண் உறை அறை.
வியட்நாம் இறால், பிரேசில் கோழி,
போன பருவத்து டுரியான் சுளை.
பெட்டிகளை எண்ணிக் கையெழுத்திடுபவள் நான்.
பேனா மை உறைந்துவிடும், பென்சில்தான் எழுதும்.
இந்தக் குளிரைப் பற்றி
ஒரு வரியும் எனக்கு வந்ததில்லை.
இது வெறும் குளிர்.
இதற்குள் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை,
இறால்கூட.

பொன்னரசு கப்பலில் இருக்கிறார்.
ரோட்டர்டாமிலிருந்து படம் அனுப்பினார்:
தளம் முழுக்கப் பனி, கம்பிகளில் பனி,
அவர் தொப்பியிலும் ஒரு பிடி.
விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.
திரை சூடாகத்தான் இருந்தது.

அதே இரவு, பன்னிரண்டாம் மாடியில்,
தொகுப்பில் ஐந்தே வரி.
பனி என்ற சொல்கூட அதில் இல்லை.
ஒருத்தி கதவைச் சாத்துகிறாள்.
பிறகு எழுந்துபோய்த் திறந்துவைக்கிறாள்.
அவ்வளவுதான்.
எழுந்துபோய் மின்விசிறியை
ஒன்றுக்குக் குறைத்தேன்.

யோசித்தால், பாடியவர்களும்
உறைபனி கண்டவர்கள் அல்லர்.
புல்நுனி ஈரத்துக்கும்
வடக்கிலிருந்து வந்த காற்றுக்கும் நடுங்கியவர்கள்.
எத்தனை டிகிரி என்று எவரும் குறிக்கவில்லை.
குறித்திருந்தால் எப்போதோ காலாவதியாகியிருக்கும்,
என் பெட்டிகளைப்போல.

நேற்று இடைவேளைக்கு முன்
கோக் வெங்கிடம் இதைச் சொன்னேன்.
ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு
தொடக்கப்பள்ளியில் மனனம் செய்த பனிப்பாட்டு ஒன்று
தனக்கும் தெரியும் என்றார், சீனத்தில்.
ஐம்பத்தெட்டு வயது, பனி பார்த்ததில்லை.
கையுறையைக் கழற்றாமல் ஒப்பித்தார்.
ஒவ்வோர் அசையும் வாயிலிருந்து
வெள்ளையாய் வந்து
சற்று நின்று
கலைந்தது.

“உன்னோடது?” என்றார்.

சொன்னேன்.
நாற்பது ஆண்டு இந்தப் புழுக்கத்தில் பேசியும்
நான் ஒருநாளும் பார்த்திராத என் ழகரம்
மூக்குக்கு முன்னால் சுருண்டு எழுந்தது.
அவர் அதைப் பார்த்தார், கேட்டதைவிட அதிகமாக.
இரண்டு மூச்சும் மேலேபோய்க்
குழாயில் ஒட்டியிருக்கும்.
சனிக்கிழமை உறைநீக்கம் செய்கிறார்கள்.

திங்களன்று புத்தகத்தைத் திருப்ப வேண்டும்.
லாட்டரிச் சீட்டை எடுக்கவில்லை.
கதவு சாத்தியவளின் பக்கத்தில்
மூன்றாம் அறைப் பென்சிலால்
ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.
குற்றம்தான், தெரியும்.

வேலை முடிந்து வெளியே வந்தால்
மூன்று நாளாய் நிற்காத ஜனவரி மழை.
காற்று வடகிழக்கு.
பேருந்து நிறுத்தத்தில் ஒரு மாணவி
ஸ்வெட்டர் கையை உள்ளங்கை வரை இழுத்துவிட்டுத்
தோழியிடம் சொல்கிறாள்,
“ஐயோ, குளிருது!”
எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.
இருபத்துமூன்று டிகிரி.