தலைக்கனம்

ஓடும் படிக்கட்டின் அடியில், கண்ணாடிக் கூண்டுக்குள்
இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து
திபிலிசி நகரம் மெட்ரோவுக்கு இறங்குவதைப் பார்த்தவள் நான்.
ஒரு குழந்தையைக்கூட விழ விட்டதில்லை.
நான் விழுந்தது வீட்டுப் படியில்.
மூன்றே படி.
முழங்கால் சில்லு இரண்டு துண்டு.

ஆறு வாரம் மாவுக்கட்டு.
கால் ஒரு நாற்காலியில், நான் ஒரு நாற்காலியில்.
ஜன்னலுக்கு வெளியே முற்றம்.
குறுக்கும் நெடுக்கும் எல்லோர் வீட்டுத் துணிக்கம்பியும்.
அதற்கப்பால் நுக்ரியின் பால்கனி.
என் திராட்சைக் கொடி கம்பி வழியாக அந்தப் பக்கம் போனதும்
கத்தரிக்கோல் எடுத்தவன்.
பதினொரு வருஷமாகப் பேச்சில்லை.

செல்போனில் ஒரு பையனின் கைகள் மட்டும்.
முகமில்லை, பாஷை புரியவில்லை.
மடிக்கிறான், திருப்புகிறான், நீவுகிறான்.
நிறுத்தினேன். பின்னால் தள்ளினேன். மறுபடி நிறுத்தினேன்.
அவன் காகிதத்துக்கு எது முன், எது பின் என்று தெரிந்திருந்தது.
என்னுடையதற்குத் தெரியவில்லை.

காகிதத்துக்குப் பஞ்சமில்லை:
கட்டிய கேஸ் பில், கட்டாத கேஸ் பில்.
முதல் விமானம் எழும்பி
என்னையே திரும்பிப் பார்த்து
மடியில் வந்து படுத்தது.
இரண்டாவது, லமாராவின் ஈரத் தலையணை உறைக்குள் நுழைந்து
வெளியே வரவேயில்லை.
மூன்றாவது பூனைக்குப் போனது.
பூனை முகர்ந்தது. வேண்டாம் என்றது.

ஏழாவது (மார்ச் பில், கட்டாதது)
காற்று அசந்த நேரம் பார்த்து
கம்பிகளுக்கு அடியில் புகுந்து
நேராக
நுக்ரியின் வெங்காயக் கூடையில் இறங்கியது.

மாவுக்கட்டோடு எங்கே ஒளிவது?
திரைச்சீலை கைக்கு எட்டவில்லை.
கண்ணை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான் முடிந்தது.

மறுநாள் காலை என் ஜன்னல் விளிம்பில்
அதே மார்ச்.
எப்போது எறிந்தான், தெரியாது.
நான் ஒரு மடிப்பு வைத்த மூக்கில் மூன்று வைத்திருந்தான்.
இறக்கையின் பின்னோரத்தில், நகத்தால்
மேல்நோக்கி ஒரு சின்ன வளைவு.
ஒரு வரி எழுதவில்லை. மன்னிப்பும் இல்லை, வசையும் இல்லை.

பிரித்தேன்.
பிரித்த தாளில் என் கோடுகள் தயங்கித் தயங்கி, இரட்டை இரட்டையாக.
அவனுடையவை கத்தி வைத்த மாதிரி.
அந்தக் கோட்டிலேயே விரலை ஓட்டி மடித்தேன்.
கை மறந்தால் பிரித்தேன். மறுபடி மடித்தேன்.
மதியத்துக்குள் பார்க்காமலே மடிக்க வந்துவிட்டது.

தலைக்கனம் பிடித்தவள் என்று
இந்த முற்றமே என்னைச் சொல்லும்.
என் விமானத்துக்கு அது போதாது என்று
கண்டுபிடித்தவன் இவன் ஒருவன்.

அப்புறம் தினமும் மார்ச் போனது, வந்தது.
அவன் சாயங்காலம்தான் வீட்டில் இருப்பவன்.
நாள் முழுக்கக் காற்றோடு உட்கார்ந்திருப்பவள் நான்.
நான்கு மணிக்கு மேல், மாடிப்படியைச் சுற்றிக்கொண்டு
இடப்பக்கமாக வரும் அது.
வெள்ளிக்கிழமை அவன் எறிந்தது சுவரில் மோதியபோது
இடது இறக்கையை ஒரு நூல் அளவு திருத்தி அனுப்பினேன்.
அடுத்தது திருத்தத்தோடு வந்தது.
சொல்லக் கூடாதுதான்: அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

ஐந்தாவது வாரம் கேஸ்காரர் வந்தார்.
ஒல்லியான பையன், புதிய வேலை, பயந்த குரல்.
மார்ச் கட்டவில்லை, இணைப்பை வெட்ட வேண்டியிருக்கும்,
பில்லைக் காட்டுங்கள் அம்மா, என்றான்.
மேஜையைத் தேடினேன், தேடுவது போல.
எனக்குத் தெரியும் அது எங்கே என்று.
அன்று என் முறை இல்லை.

ஜன்னலைத் திறந்தேன்.
எதிரே அவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.
பதினொரு வருஷத்துக்குப் பின் முதல் வார்த்தை
எதுவாக இருக்கும் என்று
எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருக்கிறேன்,
எல்லாம் கூர்மையானவை.

"மார்ச்!" என்று கத்தினேன்.

அவன் கையைச் சட்டையில் துடைத்தான்.
காற்றைப் பார்த்தான்.
கேஸ்காரரே, கொஞ்சம் குனியுங்கள்.