மூலைக்கு மூலை

ரவுண்டானா பக்கத்துக் கடையில்
இரண்டையும் கண்ணாடி மேல் வைத்தான் இம்தியாஸ்.
ஒன்று நீளம், ஒல்லி.
ஒன்று அகலம், கொஞ்சம் குட்டை.
"ரெண்டுமே பத்து இஞ்ச் டேப்லெட்தான்க்கா."

பத்து இஞ்ச் எங்கிருந்து எங்கே?
"மூலைக்கு மூலை."

சிரித்துவிட்டேன்.
பர்கூர் யார்டில் பதினொரு வருடமாகக் கல் அளக்கிறேன்.
மூலைக்கு மூலை அளந்து
ஒரு சதுர அடிக்கும் யாரும் காசு தந்ததில்லை.

பழைய பில் ஒன்றின் முதுகில் எழுதிப் பார்த்தேன்.
குட்டைக்கு எட்டும் ஆறும்: நாற்பத்தெட்டு.
நீளத்துக்கு எட்டே முக்கால், அதில் ஒரு நூல் குறைவு;
அந்தப் பக்கம் ஐந்து, அதிலும் ஒரு நூல் குறைவு:
நாற்பத்திரண்டு சொச்சம்.
ஒரே பெயர், ஒரே விலை.
நடுவில் ஐந்து சதுர அங்குலத்தை
யாரோ மூலை உடைத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"அதெல்லாம் சரிக்கா, படம் பார்த்தா?"
குட்டையில் ஒரு சண்டைக் காட்சியை ஓடவிட்டான்.
மேலே ஒரு கறுப்புப் பட்டை, கீழே ஒன்று.
"பாருங்க, இவ்ளோ எடம் வீண்."
அவன் சொன்னதும் கணக்குதான்.
வீண் என்பதை நான்
கழிவு என்று எழுதுவேன், அவ்வளவே.

ஓசூர் ஷிப்டிலிருந்து சென்னகேசவன் போனில்:
"நீளமானதையே வாங்கு.
பேட்டிங் ஆடறவனும் தெரியணும்
பௌண்டரிக் கயிறும் தெரியணும்."
பின்னால் மெஷின் சத்தம்.
ம் என்றேன்.
ம் என்பதற்கு எந்த அளவும் இல்லை.

போன தையில்
பெங்களூர் வீடு ஒன்றின் சமையல்மேடை டிராயிங்
என் கைபேசிக்கு வந்தது.
விரலால் விரித்து, இழுத்து, விரித்து, இழுத்து,
பக்கத்தின் கடைசி வரி
சட்டத்துக்கு வெளியே நின்றதைக் கவனிக்கவில்லை.
சிங்க் துளை இரண்டு அங்குலம் தள்ளி விழுந்தது.
முழுக் கறுப்பு. ஒரு கீறல் இல்லாத கல்.
நான்கு மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக
அதை அறுத்துக்கொண்டார்கள்.
அந்தக் கல் இன்னும் யார்டில் சாய்ந்து நிற்கிறது.
மதியம் அதன் நிழலில்தான் சாப்பிடுகிறோம்.

பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து
மடிப்பு நீவினேன்.
அதே டிராயிங்கை இரண்டிலும் திறக்கச் சொன்னேன்.
நீளத்தை நிமிர்த்தினால்
தாள் இடுப்பு இறுக்கிய சட்டை போட்டுக்கொண்டது;
மேலும் கீழும் சும்மா கிடக்க, எண்கள் எறும்பாயின.
குட்டையில் கிட்டத்தட்ட ஓரத்துக்கு ஓரம்.
கடைசி வரி, கடைசி எண்,
வரைந்தவன் போட்ட சின்ன அம்புக்குறி வரைக்கும்.

அப்புறம்தான் பில்லின் முதுகை மறுபடி பார்த்தேன்.
ஆறு. எட்டு. பத்து.
தரையில் நூல் பிடித்து
மூலைமட்டம் பார்க்கும்போது நாங்கள் சொல்கிற எண்கள்.
மூன்று, நாலு, அஞ்சு; பெரிய அறைக்கு ஆறு, எட்டு, பத்து.
பொருந்தினால் மூலை கோணவில்லை.
பெட்டியில் யாரும் இதைப் போடவில்லை.
கேமரா எத்தனை என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

"இதையே கொடு தம்பி."

ஞாயிறு இரவு.
டியூப்லைட் எரிகிறது. கட்டில்மேல் இருவரும்,
முழங்கால்மேல் அது.
படம் தொடங்கியதும் சென்னகேசவன் உச்சுக் கொட்டினார்.
"அந்தக் கறுப்புக்கும் சேத்துதான காசு குடுத்த?"

கொடுத்தேன்தான்.
கீழ்ப்பட்டையில் அவர் மோவாய்,
ஷேவ் செய்யாத மூன்று நாள்;
ஒட்டினாற்போல என் கன்னம்.
நல்ல பாலிஷ்.
பழக்கதோஷம்,
வெளிச்சத்துக்கு ஒருக்களித்துப் பிடித்து
விரிசல் ஓடுகிறதா என்று பார்த்தேன்.

"ஆட்டாத," என்றார்,
"படம் தெரியல."