கத்தரிக்காய் பற்றிய செய்தி

முள்ளியவளைச் சந்தையில் முஸம்மில் காக்கா
கடதாசி மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்:
கத்தரிக்காய் எல்லா நோய்க்கும் மருந்து. நபிமொழி.
அதன் கீழே, கிலோ நூற்றெண்பது.
யார் சொன்னது, அவர் யாரிடம் கேட்டது என்றேன்.
"எல்லாரும் சொல்றதுதானே, மௌலவியா."
காய்ச்சல்காரனுக்கு அவித்துக் கொடுத்துப் பாருங்கள் என்று
முன்னோர் எப்போதோ தள்ளிய செய்தி.
தொடரும் இல்லை, பொருளும் இல்லை.
சிரித்துக்கொண்டே மட்டையைக் கழற்றினார்,
அரைக் கிலோ கூடப் போட்டார்.
பகுத்தறிவுக்கு அது சுலபமான காலை.

பிறகு பஸ் ஏறிப் பிரதேச செயலகம் போனேன்.

காணிக் கிளையில் தவயோகன் ஐயா
கோப்பைப் புரட்டினார்:
"உறுதியை விட்டிட்டா போனீங்கள்?
புத்தியுள்ள ஆர் அப்பிடிப் போவினம்?"

தொடரைச் சொன்னேன்.
உம்மா மஸாஹிரா எனக்குச் சொன்னாள்,
தண்ணீரூற்றில் அன்று நின்றவள்,
கடன் கணக்கில் சதம் பிசகாதவள்.
சாச்சி றைஹானாவும் சொன்னாள்,
வேறு லொறியில் ஏறி வேறு முகாமில் இறங்கியவள்.
ஒரு காப்புத் தகராறில்
இருவரும் பத்து வருடம் பேசிக்கொள்ளவில்லை.
ஆனாலும் இருவர் வாயிலும் ஒரே சொல்:
பொழுதுபட முன்னம் போகச் சொன்னார்கள்,
சோறு பாதி வெந்திருந்தது,
தகரப் பெட்டியை வீதியில் வாங்கிக்கொண்டார்கள்.
உறுதி அந்தப் பெட்டிக்குள்.

"நம்பேலாமல் கிடக்கு," என்றார்.

வகுப்பில் நான் பலகையில் எழுதுவது:
நடக்கவே முடியாதது வேறு,
நாம் கண்டு பழகாதது வேறு.
முதலாவதை அறிவு தள்ளலாம்.
இரண்டாவதை இருந்து கேட்க வேண்டும்.
பிள்ளைகள் கொப்பியில் இறக்குவார்கள்.
சோதனையில் ஐந்து புள்ளி.

அப்போதுதான் கண்டேன்,
அவர் இடக்கையால் எழுதுகிறார்.
வலப்பக்கச் சட்டைக்கை
முழங்கைக்கு மேலே மடித்துத் தைத்திருந்தது.
அந்தச் செய்தியை இவர்
எந்த மேசைக்கு முன்னால் நின்று சொன்னாரோ,
எந்தப் பேனை "நம்பேலாது" என்று மூடியதோ.
நான் கேட்கவில்லை.
மின்விசிறி ஒரு பக்கம் தட்டித் தட்டிச் சுற்றியது.

"இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ,"
கோப்பை மூடவில்லை அவர்,
"தனித்தனியா."

அது எங்கள் கேள்வி.
ஹதீஸ் பொறுக்கியவர்கள் ஊரூராய்க் கொண்டுபோன கேள்வி.

உம்மாவைப் புத்தளத்தில் அடக்கியாயிற்று.
சாச்சிக்குப் போன நோன்பிலிருந்து பெயர்கள் குழம்புகின்றன.
குழம்பு முன் கேட்டதை ஏற்கலாம்,
பின் கேட்டதைத் தள்ள வேண்டும் என்பது விதி.
நான் முன்னரே கேட்டிருந்தேன்.
அதற்கு என்னைத் தவிர சாட்சி இல்லை.