மூட்டைக்கு நாற்பத்தைந்து

சென்னையிலிருந்து கேட்டது ஒரே ஒரு படம்:
பணம் எந்தப் பக்கம் பாய்கிறது,
சீர்திருத்தத்தைத் தடுப்பது யார்.
வட்டங்கள், அம்புக்குறிகள். இரண்டு பக்கம். வெள்ளிக்குள்.

செம்பியன்கோட்டகம் கொள்முதல் நிலையத்தில்
சாலையின் பாதியை நெல் எடுத்துக்கொண்டிருந்தது.
மீதிப் பாதியில் பஸ் போனது.
ஐப்பசி. கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது.

மூட்டைக்கு நாற்பத்தைந்து என்றார்கள்,
பஸ் கட்டணம் சொல்வதுபோல.
ஒருவரும் குரலைத் தாழ்த்தவில்லை.

முதல் வட்டத்தில் பட்டியல் எழுத்தர் மதிவாணனைப் போட்டேன்.
"அதுல எனக்கு ஆறு" என்றார்.
இந்த நாற்காலிக்குக் கொடுத்தது மனைவியின் நாலு பவுன்,
கதிர் முடிவதற்குள் மீட்டாக வேண்டும்.
கிடங்கில் எடை குறைந்தால் இவரிடம் பிடிப்பார்கள்.
நெல் காயும், காய்ந்தால் குறையும் என்பது
வெயிலுக்குத் தெரியும், விதிப்புத்தகத்துக்குத் தெரியாது.
அம்பு அவரிடம் நிற்கவில்லை.

பதினெட்டு, சுமை தூக்குகிறவர்களுக்கு.
அரசாங்கக் கூலி எப்போது வரும் என்றேன்.
வேதரெத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டார்:
"போன குறுவைக்கே இன்னும் வரல சார்.
வயிறு ரசீது வாங்கிக்கிட்டா காத்திருக்கும்?"
பத்து, லாரிக்கு. கொடுக்காவிட்டாலும் லாரி வரும்,
மழைக்குப் பிறகு.
ஏழு, மேலே. மேலே என்றால் எங்கே?
தகரக் கூரையைக் காட்டினார்கள்.
நாலு, கொடிக்கம்பத்துக்கு.
எந்தக் கொடி?
"கொடி மாறும் சார். கம்பம் ஒண்ணுதான்."

இரவு, மன்னார்குடி லாட்ஜில், எழுதினேன்:
இணையத்தில் பதிவு, செல்பேசிக்கு ஓடிபி,
சிட்டாவில் பெயர் உள்ளவருக்கே வரிசை எண்,
பணம் நேரே வங்கிக்கு.
நாலு வட்டத்தை அழித்தேன். படம் அழகாகிவிட்டது.

அறுபது ஏக்கர்க்காரர் காரை நிறுத்தி
முழு ஆதரவு என்று கைகொடுத்தார்.

தையல்நாயகி மட்டும் ஒன்று கேட்டாள்.
"அந்த ஓடிபி யாருக்கு வரும்?"

மூன்று மா. கோயில் நிலம்.
சிட்டாவில் இருப்பவர் அருள்மிகு ஆபத்சகாயேஸ்வரர்.
குத்தகைச் சீட்டில் இருப்பவர் அவள் மாமனார்,
இறந்து இருபத்தாறு வருஷம்.
சாமிக்கு ஃபோன் இல்லை.
செயல் அலுவலருக்கு உண்டு; ஆறு கோயில் பார்க்கிறார்,
செவ்வாய் வருவார், வந்தால்.

இப்போது எப்படிப் போடுகிறாய்?
காரில் வந்தவரின் சிட்டாவில், மதிவாணன் கையெழுத்தில்.
"நாப்பத்தஞ்சு குடுத்தா என் நெல்லு நெல்லா இருக்கு.
நீங்க நேர்மையாக்கிட்டா அது யாரு நெல்லு?"

எதிரே அரிசிமில் வேன் நின்றது.
குவிண்டாலுக்கு ஐந்நூறு குறைத்து எடுக்கும்,
பெயர் கேட்காது.

என்னிடம் இருந்தவை இரண்டே கட்டங்கள்:
ஆதரிப்போர், எதிர்ப்போர்.
அறுபது ஏக்கர் ஒன்றில் உட்கார்ந்தது.
மூன்று மாவை மற்றதில் எழுதப் போய்
பேனாவை மூடினேன்.

படத்தை அனுப்பினேன். கேள்வி வந்தது:
கீழே இடது மூலையில் ஒரு வட்டம்,
உள்ளே வரும் அம்புமில்லை, வெளியே போகும் அம்புமில்லை, பிழையா?
பிழைதான், என்று பதில் போட்டேன், படத்தில் அல்ல.
முதலில் குத்தகைச் சீட்டில் உயிரோடு இருப்பவர் பெயர்,
அடுத்து தூக்குகிறவர் கூலி வாராவாரம்,
அதற்குப் பிறகு ஓடிபி.
வரிசை மாறினால் வேன்காரர் பிழைப்பார்.
இரண்டு பக்கத்தைத் தாண்டுகிறதே என்றார்கள்.

அன்று மாலை ஈரப்பத மீட்டர் பதினேழு காட்டியது.
மூட்டை ஐம்பத்தொன்று.
தையல்நாயகி இரண்டாயிரத்து முந்நூறை எண்ணி நீட்டினாள்.
மதிவாணன் மேசை இழுப்பறையைச் சாத்தப் போனார்.
"மீதி அஞ்சு ரூவா" என்று
கையை எடுக்காமல் நின்றாள்.