வடிகால்

மாதிரி எண் நாற்பத்தேழு.
கலியமூர்த்தி, முப்பத்தொன்பது, ஆண்.
குழாயில் ரத்தம் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது.
சீட்டின் ஓரத்தில் டாக்டரின் கிறுக்கல்:
பருத்திக்கு மருந்தடித்தவர். உடனே வேண்டும்.

திருவாரூர் மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில்
இரவுக்கு நான் ஒருத்திதான்,
ஏசி ஒழுகும் இடத்தில் ஒரு வாளி.
ஜன்னலுக்கு வெளியே அவர் மனைவி விஜயராணி.
செக்யூரிட்டி கேட்கிறார், ஆயா கேட்கிறார்,
பக்கத்துப் படுக்கைக்காரரின் மச்சான் கேட்கிறார்:
"குடிச்சாரா?"
"இல்லங்க. அடிச்சாரு."
ஏழாவது முறையும் அதே குரலில் சொல்கிறார்.

ரத்தம் சுழன்று தெளியப் பத்து நிமிடம் ஆகும்.
அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

நரம்பு தசையைப் பார்த்து "இழு" என்பது
ஒரு துளி அசிட்டைல்கோலினால்.
தசை இழுத்துவிட்டால் அந்தத் துளி
அங்கே நிற்கக் கூடாது.
நின்றால் சொல் முடியாது.
அதை வெட்டிவிட அந்த இடுக்கிலேயே
ஒரு நொதி குடியிருக்கிறது, கோலினெஸ்டரேஸ்.
இமைப்பதற்குள் ஆயிரமாயிரம் வெட்டும்.
வெட்டியதில் ஒரு துண்டை
நரம்பே திரும்ப எடுத்துக்கொள்ளும், சிக்கனக்காரி.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு
இதை விளக்க வேண்டியதில்லை.
கடைமடையில் தண்ணீர் வருவது பாதி வெள்ளாமை,
வடிவது மீதி.
போன கார்த்திகையில் சம்பா அழுகியது
தண்ணீர் வராமலா?
வடிகால் வாயில் காட்டாமணக்கும்
வெங்காயத்தாமரையும் குந்திக்கொண்டதால்தானே.

அவர் அடித்த மருந்தும் அப்படித்தான் போய்க் குந்தியது,
தோல் வழியே, மூச்சு வழியே,
முகத்தில் கட்டியிருந்த ஈரத்துண்டு வழியே.
இப்போது சொன்ன சொல் வடியவில்லை.
இழு இழு இழு இழு.
கெண்டைக்காலில் தோலுக்கடியில்
நிஜமாகவே கெண்டைக்குஞ்சுகள் துள்ளுகின்றன.
கண்மணி கடுகாகிவிட்டது.
உள்ளே வடிகால் அடைத்தால்
வெளியே எல்லாம் வடிகிறது,
கண், மூக்கு, வாய், வேர்வை,
நெஞ்சுக்குள் நுரை.

ஊசி மேல் ஊசியாக அட்ரோபின் போகிறது.
அது வாய்க்காலைத் தூர்வாராது,
வயலின் வாயை மூடும், அவ்வளவே.
நுரை அடங்கும், நாக்கு வறளும்,
அவர் இல்லாத கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு
காற்றில் அடித்துக்கொண்டே இருப்பார்.

இயந்திரம் எண்ணைத் துப்பியது: 286.
ஐயாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டும்.
உண்மையில் நான் அளப்பது அந்த நொதியை அல்ல,
அதன் பங்காளியை.
கல்லீரலில் பிறந்து ரத்தத்தில் திரிகிறவன்.
இடுக்கில் இருப்பவனை ஊசி எட்டாது.
பங்காளி வீட்டுக் கூரை போயிருந்தால்
அவன் வீடு எப்படியிருக்கும் என்று
ஊகித்துக்கொள்வதுதான்.

மாதிரி எண் நாற்பத்தெட்டு.
ஹபீபா நாச்சியா, கூத்தாநல்லூர்.
பொழுது சாய்ந்தால் இமை தானாக இறங்கும்,
முகவாயை உயர்த்தித்தான் எதிரே இருப்பவரைப் பார்ப்பார்,
ஊர்ப் பெயரைப் பாதியில் விட்டு மூச்சு வாங்குவார்.
நரம்பு சரியாகத்தான் சொல்கிறது.
கேட்கிற மடைகளை உடம்பே தூர்த்துவிட்டது.
அவருக்கும் ஒரு மருந்து உண்டு, வேளைக்கு ஒரு மாத்திரை.
அது போய்க் குந்துவதும் அதே நொதியின் வாயில்.
வருகிற கொஞ்சத் தண்ணீரை விடக்கூடாதென்று
வடிகாலுக்கு ஒரு வெட்டு மண் போடுவோமே, அதுபோல.
நாலு மணி நேரத்தில் மண் கரைந்துவிடும்.
அதற்குள் இமை திறந்து
பேத்திக்கு வீடியோ கால் போட்டுவிடுவார்.

நாற்பத்தேழுக்கும் நாற்பத்தெட்டுக்கும்
குழாய் ஒரே அளவு, மூடி ஒரே நிறம்.
தமிழில் இரண்டுக்கும் மருந்து என்றுதான் பெயர்.

ஒன்பதாம் நாள் 1940 வந்தது.
விஜயராணி ஜன்னலில் நின்று கேட்டார்:
"எவ்வளவு வந்தா வேலைக்குப் போகலாம்?"
சொன்னேன். இப்போதைக்கு வேண்டாம் என்றும் சொன்னேன்.
"நம்பரை மட்டும் எழுதிக் குடுங்கம்மா"
என்று ஒரு தாளை நீட்டினார்.
பின்பக்கம் வேறொருவர் கையெழுத்தில் இருந்தது,
அடித்தது பதினொன்று,
பாக்கி ஏழு டேங்க்.